கேக்காதே, பாரு

பெங்களூரில் அல்சூர் ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்து. அங்கே ஒரு மாடி போர்ஷனில் எங்கள் பள்ளி பேண்டு மாஸ்டர் இருக்கிறார். வயது 82. பழைய மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்துவது என்று முடிவானதும், அதைச் சொல்லிவிட்டு வர நானும், என் வகுப்பில் சைட் டிரம் அடித்த நண்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிருந்தோம்.

விஷயத்தைச் சொன்னோம். காது மிஷினை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இன்னா, எனக்கா?" என்றார். அப்புறம் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியை இழுத்தார். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய அவருடைய ராணுவ நம்பர் பாதி அழிந்திருந்தது. என் நண்பன் கை கொடுக்கப் போனான். "இரு தம்பி, நானே எடுத்துக்குவேன்" என்று தடுத்துவிட்டார்.

பெட்டி நிறைய நோட்டுகள். மொத்தம் 31. பள்ளியில் அவர் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்று, 1985-இல் தொடங்கி 2016 வரை. ஸ்கேல் வைத்து அவரே ஐந்து ஐந்து கோடாகப் போட்டு, அதன்மேல் சுரங்களை எழுதியிருக்கிறார். பேண்டு நோட்டில் வழக்கமாக முதல் டிரம்பெட், இரண்டாம் டிரம்பெட் என்றுதான் தலைப்பு இருக்கும். இந்த நோட்டுகளில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கிறது.

1990-ஆம் வருஷ நோட்டில் என் பக்கத்தைத் தேடி எடுத்தேன். பக்கம் முழுக்க இரண்டே இரண்டு சுரங்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் அந்தப் பக்கத்தின் அருமை தெரியும். டிரம்பெட்டில் மூன்று வால்வு உண்டு. எதையும் அழுத்தாமல், உதட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி ஊதினால் ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப என்று சுரம் தாவித் தாவி ஏறும். குழல் அதே குழல்தான். சுருளை நீட்டிப் பிடித்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் வரும். உள்ளே இருக்கும் காற்று இரண்டாக, மூன்றாக, நாலாகப் பிரிந்து அதிரும்போது சுரம் மாறுகிறது. பட்டாளத்தில் ஊதும் பியூகிளில் வால்வே கிடையாது. ராணுவத்தில் ஆளை எழுப்புவது, சாப்பிடக் கூப்பிடுவது, படுக்க வைப்பது எல்லாமே இந்த அஞ்சு சுரத்துக்குள்தான். எனக்கோ முதல் ஆறு மாதம் அந்த அஞ்சில் இரண்டுதான் வந்தது. ச வரும், ப வரும், அதற்குமேல் காற்றுதான் வரும்.

வேறு யாராவதாக இருந்திருந்தால் என் கையில் சிம்பலைக் கொடுத்துப் பின்வரிசைக்கு அனுப்பியிருப்பார்கள். மாஸ்டர் அந்த இரண்டு சுரத்தை மட்டும் வைத்து எனக்கென்று ஒரு பாகம் எழுதினார். மற்றவர்கள் மேலே மெட்டை வாசிக்கும்போது, அதற்கு அடியில் ச-வும் ப-வும் மாறி மாறி, எங்கே விழ வேண்டுமோ அங்கே வந்து விழும். அந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டே முடிந்து வீட்டுக்கு வரும்போது அப்பா, "உன்னோடது தனியா கேட்டுச்சு" என்றார். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்? அது எனக்காகவே தைத்த சட்டை என்று எனக்கு அப்போது தெரியாது. டிரம்பெட் என்றால் இப்படித்தான் வாசிப்பார்கள் போல என்று நினைத்திருந்தேன்.

பக்கத்தைப் புரட்டினேன். மார்ச் மாதத்தில் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு தேதி, அதற்குக் கீழே "மேல் ச வந்துச்சு" என்று அவர் கையெழுத்து. அடுத்த வரியிலிருந்து என் பாகத்தில் மூன்றாவது சுரம் ஒன்று சேர்ந்திருக்கிறது.

மாஸ்டருக்குச் சொந்த ஊர் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பது புதுசில்லை. 1962-இல், பதினெட்டு வயதில், மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 1780-இல் தொடங்கிய படைப்பிரிவு அது. பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் அவர்கள் வேலை. தலைமையிடம் பெங்களூரில், இதே அல்சூர் ஏரிக் கரையில். சேர்ந்த கொஞ்ச நாளில் பேண்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். பச்மரியில் இருக்கும் ராணுவ இசைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஊரில் தவில் சத்தம் மட்டுமே கேட்டு வளர்ந்த பையன் மத்தியப் பிரதேசத்து மலையில் உட்கார்ந்து ஐந்து கோட்டில் சுரம் எழுதக் கற்றுக்கொண்டான். 22 வருஷம் கழித்துப் பென்ஷனோடு வெளியே வந்து, மறு வருஷமே எங்கள் பள்ளியில் சேர்ந்தார்.

சாப்பர்ஸ் வீரர்களுக்கு ராணுவம் முழுக்க ஒரு செல்லப்பெயர் உண்டு: தம்பி. வடக்கே இருக்கும் அதிகாரிகளும் அவர்களைத் 'தம்பி' என்றுதான் சொல்வார்கள். அந்த வார்த்தையை மாஸ்டர் அப்படியே பள்ளிக்கும் கொண்டுவந்துவிட்டார். கன்னடம் பேசும் பையன், உருது பேசும் பையன், மலையாளி, பின்னல் போட்டு ரிப்பன் கட்டிய நான், எல்லோருமே அவருக்குத் தம்பிதான். "தம்பி, பின்னலைத் தூக்கிப் பின்னாடி போடு, வால்வுல மாட்டிக்கும்." இதில் எங்களுக்கு ஒரு விநோதமும் தோன்றியதில்லை.

நான் டிரம்பெட் எடுத்தது வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிட்டது. அப்பா பேக்டரியில் ஃபிட்டர். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போவார், இதில் எல்லாம் தலையிடமாட்டார். அம்மாதான் பயந்துபோனாள். பல் எத்திக்கொள்ளும், உதடு தடித்துவிடும், அப்புறம் யார் கட்டிக்கொள்வார்கள் என்று பக்கத்து வீட்டு அத்தை வேறு ஏற்றிவிட்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் மாஸ்டரே வீட்டுக்கு வந்துவிட்டார். யூனிபார்ம் மாதிரி இஸ்திரி போட்ட சட்டை. காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மா, நான் இருபத்தெட்டு வருஷமா ஊதுறேன். என் பல்லைப் பாத்துக்குங்க" என்று சிரித்துக் காட்டினார். வரிசை பிசகாத பல். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

பயிற்சி காலை ஆறே முக்காலுக்கு. முதல் பதினைந்து நிமிஷம் வாத்தியத்தைத் தொடக்கூடாது. நேராக நிற்க வேண்டும். மாஸ்டர் கரும்பலகை அழிக்கும் டஸ்டரை எடுத்துவந்து ஒவ்வொருவர் தோளிலும் வைப்பார். மூச்சை இழு என்பார். டஸ்டர் விழுந்தால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். "தோள் ஏறுது தம்பி. மூச்சை வயித்துக்கு அனுப்பு." எனக்கு அந்த டஸ்டர் விழாத நாளே கிடையாது. சுண்ணாம்புத் தூள் படிந்த தோளோடுதான் முதல் பீரியட் உட்காருவேன். கணக்கு டீச்சர் பார்த்துவிட்டு, "பேண்டா?" என்று மட்டும் கேட்பார்.

டிரம் பிள்ளைகளுக்கு டாடி மம்மி. வலக்கையில் இரண்டு தட்டு, டா-டி. இடக்கையில் இரண்டு தட்டு, மம்-மி. முதலில் மெதுவாக, அப்புறம் வேகம் கூட்டி, கடைசியில் இரண்டு கையும் கலந்து ஒரே இரைச்சலாக ஓட வேண்டும். பிரிட்டிஷ்காரன் பட்டாளத்திலிருந்து வந்த பாடம் அது. தோல் மேல் அடிக்க விடமாட்டார். மரப் பெஞ்சில் மூன்று மாதம். பெஞ்சில் சுத்தமாக வந்த பிறகுதான் டிரம் கையில் வரும். குவிக் மார்ச் என்றால் நிமிஷத்துக்கு 120 அடி, ஒவ்வொரு அடியும் 30 அங்குலம். ஒரு விநாடிக்கு இரண்டு அடி. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நடப்போம். தேசிய கீதத்துக்கு 52 விநாடி. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், 54 ஆனால் மறுபடி ஆரம்பத்திலிருந்து.

டிரம்பெட்டுகள் மீரட்டிலிருந்து வந்தவை. அங்கே ஜாலி கோட்டி என்ற இடத்தில் காலங்காலமாகப் பித்தளை வாத்தியம் செய்கிறார்கள், நாட்டின் கல்யாண பேண்டுகள் பலவற்றுக்கு அங்கிருந்துதான் போகிறது என்று மாஸ்டர் சொல்வார். வால்வுக்கு எண்ணெய் விடுவது, எச்சில் தண்ணீரை வடிப்பது, பிராசோ போட்டுத் துடைப்பது எல்லாம் எங்கள் வேலை. துடைத்த டிரம்பெட்டில் அவர் தன் முகத்தைப் பார்ப்பார். முகம் தெரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார், ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

குடியரசு தினத்துக்கு எம்.ஜி. ரோடு பக்கத்தில் இருக்கும் மானெக்‌ஷா பரேட் மைதானத்தில் அணிவகுப்பு நடக்கும். கவர்னர் கொடியேற்றுவார். 1991 ஜனவரியில் எங்கள் பள்ளிக்கும் அழைப்பு வந்தது. பள்ளி மைதானம் சின்னது, அங்கே எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஒத்திகைக்குப் பெரிய மைதானத்தில் போய் நின்றதும் எல்லாம் கலைந்துவிட்டது. முன்வரிசையும் பின்வரிசையும் காலை வேறு வேறு நேரத்தில் வைத்தன. எங்களுக்குக் காரணம் புரியவில்லை. டிரம் சத்தம் காதில் விழுகிறது, அதோடுதான் நடக்கிறோம், எப்படித் தப்பாகும்?

மாஸ்டர் எங்களைத் தரையில் உட்கார வைத்தார். "எங்க ஊர் ஏரியில அந்தக் கரையில வண்ணார் துணி தொவைப்பாரு. நான் இந்தக் கரையில நின்னு பாப்பேன். துணி கல்லு மேல விழும், சத்தம் வராது. அவரு மறுபடி துணியைத் தூக்கின பொறவுதான் 'டப்'புன்னு வரும்." சத்தம் நடந்துதான் வருகிறது, விநாடிக்கு 340 மீட்டர் போல. 34 மீட்டர் பின்னால் நிற்பவனுக்குப் பத்தில் ஒரு விநாடி தாமதம். ஓர் அடிக்கு இருப்பதே அரை விநாடி. காதை நம்பி நடக்கிற பின்வரிசை, உண்மையாக நடந்தால்கூடப் பின்தங்கித்தான் போகும். அதனால்தான் பேஸ் டிரம்மை நடுவில் வைப்பது, அதனால்தான் முன்னால் போகிறவன் மேஸ் என்கிற நீளத் தடியை அவ்வளவு உயரம் தூக்குவது.

"பெரிய கிரவுண்டுல கேக்காதே, பாரு. பேஸ் டிரம் கம்பு எறங்கறப்ப உன் கால் எறங்கணும்."

அன்றைக்கு விடிகாலை நல்ல குளிர். பித்தளை சில்லென்று இருந்தால் சுருதி இறங்கிவிடும். மவுத்பீஸைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொள்ளச் சொன்னார், குழலுக்குள் சத்தம் வராமல் வெறும் மூச்சை விட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார். மேடையைத் தாண்டும்போது என் கண் பேஸ் டிரம் கம்பை விட்டு நகரவில்லை. கவர்னரை நான் பார்க்கவே இல்லை.

அதே வருஷம் டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு கெஜட்டில் வந்தது, ஊர் தீப்பற்றிக்கொண்டது. பெங்களூரில் அந்த நாட்களில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் வாசலில் தமிழில் எழுதியிருந்த பெயர்ப்பலகைகளை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றினார்கள். அப்பா ஷிப்டுக்குப் போகவில்லை. வெளியே போனால் வாய் திறக்காதே என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

பள்ளி திறந்த அன்று பேண்டுக்குப் பாதிப் பேர்தான் வந்தோம். யாரும் யாரோடும் பேசவில்லை. என் பக்கத்தில் நிற்கும் டிரம்பெட் பையன் கன்னடக்காரன், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான். மாஸ்டர் வந்தார். எதைப் பற்றியும் பேசவில்லை. "தம்பிகளா, இன்னிக்கு மார்ச் இல்லை. ஒரே ஒரு சுரம். ச. நான் கையை எறக்கற வரைக்கும் நிக்கக் கூடாது" என்றார். யாராலும் அவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்க முடியாது. அதற்கும் ஒரு வழி சொன்னார்: "பக்கத்துல நிக்கறவன் மூச்சு எடுக்கறப்ப நீ எடுக்காதே. அவன் எடுத்து முடிக்கட்டும், அப்புறம் நீ எடு."

அப்படிச் செய்ய வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவனைக் கவனித்தே ஆக வேண்டும். அவன் கன்னம் தளர்கிறதா, தோள் அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஊதினேன். அவனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் இருக்கும். சுரம் ஒரு இடத்திலும் அறுபடவில்லை. மாஸ்டர் கையை இறக்கியபோது அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "சுஸ்தாய்த்து" என்றான். களைத்துவிட்டேன் என்று அர்த்தம். "எனக்கும்" என்றேன், தமிழில். வெளியே வாய் திறக்காதே என்று சொன்ன அம்மா நினைவுக்கு வந்தாள். மாஸ்டர் அவனைப் பார்த்து, "தம்பி, தண்ணி குடி" என்றார், எப்போதும் போல.

எங்கள் பேண்டிலிருந்து இரண்டு பேர் ராணுவ பேண்டுக்குப் போனார்கள். மைசூரில் கர்நாடக போலீஸுக்கு இங்கிலீஷ் பேண்டு ஒன்று, கர்நாடக சங்கீத பேண்டு ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. எங்கள் கிளாரினெட் பையன் அங்கே சேர்ந்தான். மற்றவர்கள் வாத்தியத்தை விட்டுவிட்டு வங்கி, ஐடி, ஆட்டோ, கடை என்று போய்விட்டோம். எனக்கு அதில் வருத்தமில்லை. மாஸ்டரும் யாரையும் ஏன் விட்டாய் என்று கேட்டதில்லை.

பள்ளி அவரை நடத்திய விதத்தைப் பற்றி மட்டும் எனக்குத் தீராத கோபம் உண்டு. 31 வருஷமும் தற்காலிக வேலைதான். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. 2016-இல் ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், தலைமையாசிரியரின் ஐந்து நிமிஷப் பேச்சு. அவர் போன மறு வருஷமே பேண்டு அறையை வேறு எதற்கோ எடுத்துக்கொண்டார்கள். டிரம்பெட்டுகளை எடைக்குப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது அவரிடம் சொல்ல வேண்டாம் என்று எங்களுக்குள் பேசி வைத்தோம். ஆனால் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை, நோட்டுகளை மறுபடி அடுக்கிக்கொண்டே, "பித்தளை உருக்கினா மறுபடி பித்தளைதான் தம்பி. இதை யாரும் எடைக்குப் போடல இல்ல, அது போதும்" என்றார். நோட்டுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் ஸ்கேன் செய்து வைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது 1997 வரை வந்திருக்கிறேன். இரண்டே சுரத்தில் எழுதிய பக்கங்கள் என்னுடையது மட்டுமில்லை. அப்படி இதுவரை பதினான்கு பார்த்துவிட்டேன்.

கூட்டத்துக்கு என்ன வாசிப்பது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. 1990 நோட்டில் இருந்த அதே மார்ச். வாத்தியங்களை வாடகைக்கு எடுத்தோம், சிலர் இரவல் வாங்கி வந்தார்கள். மொத்தம் 43 பேர். ஐந்து ஞாயிறு ஒத்திகை. முப்பது வருஷமாக உதட்டில் வைக்காத வாத்தியம், முதல் நாள் என் வாயிலிருந்து வந்தது ச-வும் ப-வும்தான். போதும் என்று என் பழைய பக்கத்தையே வைத்துக்கொண்டேன்.

கடைசி ஒத்திகைக்கு மாஸ்டர் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நாங்கள் ஆரம்பிக்கப் போகும்போது காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பித்தளைச் சத்தத்துக்கு அது 'ஓ'வென்று இரைகிறதாம். ஆக, எதுவும் கேட்காமல் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாசித்தோம். அவர் கண் மட்டும் வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தது. பேஸ் டிரம் கம்பில் கொஞ்ச நேரம் நின்றது. டிரம்பெட்டுகளில் விரல்களைப் பார்த்தது. யூஃபோனியம் வாசிப்பவரின் கன்னத்தைப் பார்த்தது.

முடித்தோம். கை தட்டுவார் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். மெதுவாக எழுந்தார். பேஸ் டிரம் அடித்தவரிடம் போய், "ரெண்டாவது திருப்பத்துல கம்பு லேட்டா எறங்குது" என்றார். அந்த மனிதருக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். "சரி மாஸ்டர்" என்று விறைப்பாக நின்றார். அடுத்து மூன்றாவது வரிசைக்குள் நுழைந்து என் எதிரில் வந்து நின்றார். "தோள் ஏறுது தம்பி."

அங்கே டஸ்டர் இல்லை. தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் வலது தோளில் வைத்தார். நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, ஒரு விரலைத் தூக்கினார்.

"மொதல்லேருந்து."